சிசிலி வளவுக்கு ஒரு வேலி

காரை உந்தச் சுவரோடை ஒட்டி விடாதேங்கோ தம்பி. பின்னேரம் பாண்காரன் வானைக் கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டு ஊருக்கே கேக்க ஹோர்ன் அடிப்பான். இஞ்சாலை விடுங்கோ, என்ர வாசலிலை. இது என்ர வாசல், காணி உறுதியிலை வடிவா எழுதிக் கிடக்கு. இதிலை நிண்டால் ஒருத்தரும் உங்களை ஒண்டும் கேக்கேலாது.

வாங்கோ, இருங்கோ. பிளேன் ரீதான், பால் இல்லை. மனிசி இருந்தால் கடிக்கிறதுக்கும் ஏதும் வந்திருக்கும். மனிசி பக்கத்து வீட்டிலை நிக்கிறா. உதிலைதான், வேலிக்கு அங்காலை. போன மாரிக்கு முதல் போனவ, இன்னும் வரேல்லை. வீட்டைக் காட்டுறதுக்கு முதல் அந்தக் கதையைச் சொல்லோணும், ஏனெண்டால் நான் வீட்டை விக்கிறதே அதாலைதான்.

நீங்கள் எந்த ஊர்? அப்பா அம்மா எவடம்? கொக்குவிலோ. கொக்குவிலிலை எந்தப் பக்கம்? சரி விடுங்கோ, ஜேர்மனியிலை பிறந்த பிள்ளைக்கு ஒழுங்கை தெரியப்போறதில்லை. ஆனால் கொக்குவில் ஆக்களுக்கு வேலி எண்டால் என்னெண்டு விளங்கும். அதுக்குத்தான் கேட்டனான்.

நான் லூசேர்னிலை ஒரு ஹொட்டேல் குசினியிலை வேலை செய்தனான். கோப்பை கழுவுறதிலை துவங்கி, கடைசியிலை சூப், சலாட் எல்லாம் என்ர பொறுப்பு. மனிசி ஒரு வயோதிபர் மடத்திலை உடுப்புத் தோய்க்கிற பகுதி. அவவோடை அங்கை நிண்டதெல்லாம் இத்தாலிப் பொம்பிளையள். அதாலை அவவுக்கு இத்தாலிப் பாஷை தண்ணி மாதிரி வரும். எனக்கு வராது. எனக்கு உங்கட டொச் பாஷை குசினி அளவுக்குப் போதும், அதிலையே நான் பத்துப் பேரை மேய்ச்சவன். பிறகு வந்த வினையெல்லாம் அந்தப் பாஷையாலை வந்தது தம்பி, கேட்டுக்கொண்டு வாங்கோ.

பென்சன் எடுத்தால் சுவிஸிலை என்னெண்டு சீவிக்கிறது. வாடகைக்கே சரியாப் போயிடும். அப்பதான் வேலையிடத்திலை ஒரு பெடியன் போனிலை காட்டினவன், சிசிலியிலை பழைய கார் வாங்கிற காசுக்கு வீடு விக்கிறாங்கள் எண்டு. சனம் வடக்கை போயிட்டுதாம், ஊர் வெறிச்சுப் போச்சுதாம், வெளிநாட்டுக்காரரும் வாங்கலாமாம். மனிசி வேண்டாம் எண்டவ. "பிள்ளையை விட்டிட்டு அவ்வளவு தூரம் போய் நான் ஆரோடை கதைக்கிறது" எண்டு கேட்டவ. பிள்ளை எண்டுறது தர்சினி, எங்கட மகள், பேர்ணிலை இருக்கிறாள். நான் சொன்னன், ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை, அதுதான் அங்கை உள்ள சுகம்.

எனக்குச் சொந்தக் காணியிலை இருந்து சாகோணும் எண்டு ஒரு பிடிவாதம். ஊரிலை எங்கட வளவு வசாவிளானிலை. சண்டைக்காலம் முழுக்க ஒருத்தரும் போகேலாமல் கிடந்த இடம். ஆமி விட்ட கையோடை போய்ப் பாத்தன். வேலி இல்லை, மதில் இல்லை, கிணறு தூந்து கிடக்கு. ஒரே பற்றை. எது என்ர, எது பக்கத்து வளவு எண்டு தெரியேல்லை. பக்கத்து வளவுக்காரனும் கனடாவிலை இருந்து வந்து நிண்டவன். அந்த மனிசனோடை நான் வேலியாலை கோட்டிலை வழக்குப் பேசுற வரைக்கும் போனவன், கண்டால் துப்பாத குறை. அண்டைக்கு ரெண்டு பேரும் சேந்து எல்லைக்கு நிண்ட ஒரு பூவரசங் கட்டையைத் தேடிக்கொண்டு திரிஞ்சம். கிடைக்கேல்லை. அவன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதான். நான் கையை இழுத்துப்போட்டு வந்திட்டன். சரி, அது வேறை கதை.

இஞ்சத்தைப் புறோக்கர் சால்வோ எண்டு ஒருத்தன். எதைக் கேட்டாலும் நோ புறொப்ளெம். கூரை ஒழுகுது, நோ புறொப்ளெம். கரண்ட் இல்லை, நோ புறொப்ளெம். வீட்டுக்கு உரிமைக்காரர் ஒரு பரம்பரையே கிடக்கு, அதிலை ஒருத்தி ஆர்ஜென்ரீனாவிலை, அதுவும் நோ புறொப்ளெம். அந்த ஒருத்தியின்ர சம்மதத்துக்கு ஒரு வருசம் என்னை அலைக்கழிச்சவன். நான் அவனை உருப்படியாக் கேட்டது ஒரேயொரு கேள்வி. எல்லை எங்கை? கோழிக்கு அரிசி எறியிற மாதிரிக் கையை வீசிறான். உந்தப் பாதாம் மரத்துக்கு இஞ்சாலை உன்ர, அங்காலை பக்கத்து வீட்டு நுன்சியாவின்ர. அப்ப மரம்? மரம் நுன்சியாவின்ர. அவ்வளவுதான். கல்லு இல்லை, கம்பி இல்லை, ஒரு கோதாரியும் இல்லை.

உறுதி எழுதின நொத்தாரிசு வேறை. உறுதி முழுக்க உரத்து வாசிச்சான், பூசை மாதிரி. ஒரு பெட்டை பக்கத்திலை இருந்து டொச்சிலை சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லைக்கு வந்த இடத்திலை நான் காதைத் தீட்டி வச்சுக்கொண்டு இருக்கிறன், அந்தப் பக்கம் அயலவர் காணி, இந்தப் பக்கம் அயலவர் காணி எண்டிட்டுத் தாளைப் பிரட்டிறான். இதைச் சொல்ல நொத்தாரிசு எதுக்கு? என்ர பூனை சொல்லும்.

பால் காய்ச்சின அண்டைக்குத்தான் துவங்கினது. நல்ல நேரம் பாத்து, சாமிப்படம் வச்சு, பாலை அடுப்பிலை ஏத்திப்போட்டு நான் தேவாரம் பாடிக்கொண்டு நிக்கிறன். பால் நுரைச்சு விளிம்புக்கு வந்திட்டுது. குசினிப் பின்கதவாலை ஒருத்தி உள்ளுக்கு வாறாள். தட்டேல்லை, கூப்பிடேல்லை. கையிலை ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய், ஒரு பெரிய பாண். அவள்தான் நுன்சியா. மனிசன் செத்திட்டான், மகன் வடக்கை எங்கையோ பக்டறியிலை. வந்தவள் பாலைப் பாத்திட்டு, வழியப் போகுதெண்டு ஓடிப்போய் அடுப்பை நூத்துப்போட்டாள். எனக்குப் பத்தி எரிஞ்சுது. புது வீட்டிலை பால் பொங்கேல்லை தம்பி. மனிசி நிண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா, பிறகு அவளுக்கு விளங்கப்படுத்துறா, பிறகு ரெண்டு பேருமாச் சேந்து சிரிக்கினம். அடுப்பைத் திருப்பிப் பத்தவைச்சுப் பொங்க வைச்சவதான், ஆனால் அது பொங்கலே?

அண்டைக்கே முடிவெடுத்தன், வேலி போடுறதெண்டு.

இஞ்சை கிளுவை இல்லை, பூவரசு இல்லை. கதியாலா நட மரக்கட்டை வாங்கினன். பள்ளத்திலை வாய்க்கால் கரையிலை நாணல் தடி காடாக் கிடக்கு, அதை வெட்டிக் கொண்டுவந்து, குறுக்கை வரிச்சுப் பிடிச்சு, நெருக்கிக் கட்டினன். உங்கடை ஊரிலை கூட இப்ப அப்பிடி ஒரு வேலி பாக்கேலாது, எல்லாம் மதில். ஊர்ச்சனம் வந்து போட்டோ எடுத்தது. ஆடு வளர்க்கப் போறியோ எண்டு சால்வோ கேட்டான். நுன்சியா எண்டால், நான் கட்டி முடியும் மட்டும் கோப்பி கொண்டுவந்து தந்தாள். என்னத்துக்குத் தாறாள்? நான் அவளை மறைச்சு வேலி கட்டுறன், அவள் எனக்குக் கோப்பி தாறாள். அப்பவே நான் உசார்.

மனிசி ஒரு பொட்டு விடச் சொன்னவ. பொட்டு தெரியுந்தானே, வேலியிலை ஆள் குனிஞ்சு போய்வர விடுற ஓட்டை. ஊரிலை பொம்பிளையள் கறி மாத்துறது, கதை மாத்துறது எல்லாம் அதாலைதானே. நான் மாட்டன் எண்டன். அவ ரெண்டு நாள் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருந்தா. சரி, போ எண்டு விட்டன். எங்கட ஆக்களின்ர வேலியிலையும் பொட்டு இருக்குத்தானே, முறைதானே எண்டு நினைச்சன். அதாலை கத்தரிக்காய் வந்துது, தக்காளிச் சோஸ் வந்துது. இஞ்சையிருந்து வடை போச்சுது, ரசம் போச்சுது. "யோகா, யோகா" எண்டு அவள் கூப்பிட்டால் காணும், இவ அடுப்பிலை கிடக்கிறதையும் விட்டிட்டு ஓடுவா. யோகேஸ்வரி எண்டு இவவின்ர அப்பர் வச்ச பேர். நாப்பது வருசமா நான்கூடச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. அங்கையிருந்து சிரிப்புச் சத்தம் கேக்கும். என்ன கதைக்கினம் எண்டு எனக்கு ஒரு சொல்லு விளங்காது. என்னைப் பற்றித்தான் எண்டு மட்டும் விளங்கும்.

இஞ்சை மாரியிலை மழையும் காத்தும். வருசா வருசம் கட்டை உக்கிப் போகும், வேலியைப் பிரிச்சு அடைக்கோணும். அடைக்கேக்கை ஒரு சாண் அங்காலை தள்ளி நட்டன். பாக்கிறியள், உங்கட முகம் மாறுது. உங்கடை அப்பாவை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, கொக்குவிலிலை வேலி அரக்காத மனிசன் ஆர் எண்டு. இது களவில்லை. நாங்கள் தள்ளாட்டில் அவை தள்ளுவினம். அவை தள்ளினால் நாங்கள் கத்துவம், பிறகு ஊர் விதானையார் வருவார், இழுத்துப் பறிச்சு ஒரு இடத்திலை நிக்கும். ரெண்டு பக்கமும் முழிச்சிருக்கு எண்டுறதுக்கு அதுதானே அத்தாட்சி.

அவள் தள்ளேல்லை. கத்தேல்லை. அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் தள்ளினன். ஒரு சத்தம் இல்லை. காலமை எழும்பி யன்னலாலை பாத்துக்கொண்டு இருப்பன், இண்டைக்கு வந்து கேப்பாள், இப்ப கேப்பாள் எண்டு. அவள் வந்து வேலியைப் பாத்திட்டு, "புவோன் ஜோர்னோ" எண்டு எனக்குக் கையைக் காட்டிப்போட்டுத் தன்ர தக்காளிக்குத் தண்ணி விடுவாள். எனக்கு நித்திரை போச்சு தம்பி. சண்டைக்கு வாறவளோடை சண்டை பிடிக்கலாம். ஒண்டும் சொல்லாமல் இருக்கிறவள் பெரிசா ஏதோ செய்யப் போறாள் எண்டுதானே அர்த்தம். கோடு வழக்குக்கு ஆயத்தப்படுத்துறாள் எண்டு நினைச்சு நான் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வச்சனான்.

பிறகு ஒரு வருசம் அடைக்கேக்கை பாதாம் மரம் இஞ்சாலை வந்திட்டுது.

நான் மரத்துக்கு ஆசைப்படேல்லை. வேலி நேராப் போகோணும், வளைக்கேலாது, அதாலை வந்தது. காய் முத்தின உடன அவள் என்ன செய்தாள் தெரியுமே? வழமை மாதிரிப் பொட்டாலை குனிஞ்சு வந்து, என்ர வளவுக்குள்ளை நிண்டு, தடியாலை அடிச்சுப் பாதாம் பொறுக்கிறாள். பொறுக்கி, பாதியை ஏப்ரனிலை கட்டி எங்கட குசினியிலை கொண்டுவந்து கொட்டிப்போட்டு, மற்றப் பாதியைக் கொண்டு போறாள். பாத்தியதை காட்டுறாள். இப்பிடியே வருசா வருசம் வந்து பொறுக்கினால், நாளைக்கு வழி எனக்கும் இருக்கு, மரம் எனக்கும் இருக்கு எண்டு நிப்பாள். நான் போய்ச் சொன்னன், என்ர காணி, வராதை எண்டு. டொச்சிலைதான் சொன்னன். அவள் சிரிச்சுக்கொண்டு என்ர கையிலையும் நாலு பாதாமை வச்சாள்.

மனிசி கேக்கிறா, "அது அவவின்ர மரமெல்லோ?"

"என்ர வேலிக்கு உள்ளுக்கெல்லோ நிக்குது."

"மரம் நடந்து வரேல்லை. உங்கட வேலிதான் நடந்து போனது" எண்டுறா. தன்ர மனிசனுக்குச் சொல்லுற கதையே இது? அந்நியத்தி ஒருத்திக்காக. நானும் விடேல்லை. உனக்கு அவள்தான் பெரிசு எண்டால் அங்கையே போய் இரு எண்டு சொன்னன். கோவத்திலை எல்லாரும் சொல்லுறதுதானே.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு பின்னேரம், அவ அங்கை தக்காளி காய்ச்சக் கூட நிக்கப் போனவ. நான் கம்பிச்சுருளை எடுத்துக்கொண்டு போய்ப் பொட்டை அடைச்சன். முள்ளுக்கம்பி, ரெண்டு கட்டை, ஆணி. அவ வந்து அந்தப் பக்கம் நிண்டு பாத்தா. கையெல்லாம் தக்காளி. நான் சொன்னன், "றோட்டாலை சுத்தி வாரும்". றோட்டு இப்பிடிக் கீழை இறங்கி மாதா கோயிலடியாலை திரும்பி மேலை ஏறும், உங்கட காருக்கே மூச்சு வாங்கியிருக்கும். அவவுக்கு முழங்கால் ஏலாது. அது எனக்குத் தெரியும். மெல்ல மெல்ல வரட்டும், யோசிச்சு யோசிச்சு ஏறட்டும் எண்டுதான் சொன்னன். அவ, நான் ஆணி அடிச்சு முடிக்கும் மட்டும் நிண்டு பாத்திட்டு, திரும்பி நுன்சியா வீட்டுக்குள்ளை போனா. நான் சோறு போட்டு வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருந்தன். வரேல்லை. அடுத்த நாளும் வரேல்லை.

முழங்கால்தான் காரணம். ஏறேலாதுதானே. நான் தர்சினிக்கும் அப்பிடித்தான் சொன்னனான். அவள், "அப்பா, அம்மா போன கிழமை பலெர்மோ போய்த் தமிழ்க் கோயில் தேர் பாத்திட்டு வந்தவ" எண்டுறாள். பஸ்ஸிலை போறது வேறை தம்பி. ஏறுறது வேறை.

உந்த யன்னலாலை பாத்தியள் எண்டால் கொடியிலை அவவின்ர சீலை காயுறது தெரியும். பச்சைச் சீலை, தர்சினியின்ர கலியாணத்துக்கு எடுத்தது. அங்கை வீட்டிலை உடுக்கிறா. என்னோடை இருக்கேக்கை பெட்டிக்குள்ளை வச்சிருந்தவ. மத்தியானத்திலை தாளிக்கிற மணம் வரும். அவள் கிழவி இப்ப கறியும் சோறும் தின்னப் பழகிட்டாளாம். போன மாசி எனக்குக் காய்ச்சல். வேலிக்கரையிலை போய் நிண்டு நல்லாக் கேக்க இருமினன். போனிலை தர்சினியோடை கதைக்கிற மாதிரி, ஏலாமல் கிடக்கிறன் எண்டு சத்தமாச் சொன்னன். போன் நிப்பாட்டிக் கிடந்தது. பின்னேரம் வேலிக்கட்டையிலை ஒரு பை தொங்குது, உள்ளுக்குச் சூப். ஆர் காய்ச்சினது எண்டு மணந்து பாத்தன். மிளகு இல்லை. நுன்சியாவின்ர. பூனைக்கு வச்சன்.

வேலியைப் பழைய இடத்துக்கு எடுத்துப் பொட்டை விட்டால் வாறன் எண்டு தர்சினியிட்டைச் சொல்லி அனுப்பினவ. நான் என்னெண்டு எடுக்கிறது? எடுத்தால் அரக்கினது பிழை எண்டு ஆகுது. பிறகு ஊருக்கே கேலி. என்ர வேலியை நானே பிடுங்கிக்கொண்டு நிக்க, அவள் கோப்பி கொண்டு வருவாள். அதை என்னாலை குடிக்கேலாது.

அதாலைதான் விக்கிறன். சால்வோ முதல் ஒரு ஒல்லாந்துச் சோடியைக் கூட்டிக்கொண்டு வந்தவன். நல்ல காசு சொன்னவை. பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனன். அவள் வெள்ளைக்காரி வேலியைத் தொட்டுப் பாத்திட்டு, இதைக் கழட்டினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், என்ன வடிவு எண்டுறாள். அந்த இடத்திலையே ரெண்டு பேரையும் கலைச்சு விட்டன். பிறகுதான் தமிழ்ப் பேப்பரிலை விளம்பரம் குடுத்தது. நீங்கள் வேலியை வைச்சிருப்பியள். கட்டை உக்கினால் மாத்துவியள். தள்ளச் சொல்லேல்லை, உள்ள இடத்திலை வைச்சிருந்தால் காணும். எனக்கு வாயாலை ஒரு சொல்லுத் தந்தால் விலையிலை பாத்துச் செய்வன்.

வாங்கோ, எழும்புங்கோ. இது அறை. இது குசினி, பின்கதவுக்குப் பூட்டு நான் போட்டது, முதல் பூட்டே இல்லை. கூரை முழுக்கப் புதுசு. உது பாதாம் மரம். இந்த வருசம் ஒருத்தரும் பொறுக்கேல்லை, கீழை எல்லாம் கொட்டிக் கிடக்கு, பாத்துக் காலை வையுங்கோ. பிடிச்சிருக்கோ? பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியும்.

ஓம், அது ஒண்டு கிடக்கு. உறுதி ரெண்டு பேரின்ர பேரிலையும். நொத்தாரிசுக்கு முன்னாலை அவவும் வந்து கையெழுத்து வைக்கோணும். உண்மையைச் சொல்லுறன் தம்பி, விக்கிறன் எண்டு கேள்விப்பட்டால் துடிச்சுப் பதைச்சு வருவா எண்டுதான் நினைச்சனான். என்னைக் கேக்காமல் எப்பிடி விக்கிறியள் எண்டு கத்துவா, பேசுவா, அந்தக் கம்பியைப் பிச்செறிஞ்சுகொண்டெண்டாலும் வருவா. தர்சினி தாயைக் கேட்டிருக்கிறாள். எந்த நாள் எண்டு சொல்லு, வந்து வைக்கிறன் எண்டவவாம். காசைப் பற்றிக் கேட்டதுக்கு, அது அப்பா எடுக்கட்டும் எண்டவவாம். வேறை ஒரு கதையும் இல்லை. அப்பா சாப்பிடுறாரோ எண்டு கேட்டவவோ எண்டு கேட்டன். தர்சினி போனை வச்சிட்டாள்.

எங்கை போறியள்? அங்கையோ, வேலிக்கு அங்காலையோ? இல்லைத் தம்பி, நில்லுங்கோ. பிடிச்சிருக்கெண்டால் நல்லது, சந்தோசம். ஆனால் இண்டைக்கு அவவிட்டைப் போகாதேங்கோ. மழைக்குக் கூரையைத் திருப்பி ஒருக்காப் பாக்கோணும் எண்டு சொல்லுங்கோ. விலை கூட எண்டு சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன். திரும்பிப் போய் அப்பா அம்மாவோடை கதைச்சிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. மாரி முடிய வாங்கோ. இப்ப போய்க் கேட்டியள் எண்டால் அவ உடன கையெழுத்தை வச்சுப்போடுவா.